கெளுத்தியின் வலது பக்கம்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
8 பிப்ரவரி 1999

அன்புள்ள டாயல்,

நலம். நீயும் மார்ஜியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுத் தொலைபேசியில் பேசியதையே மறுபடியும் எழுதுகிறானே என்று சிரிக்காதே. உன் குரல் கேட்டதும் சொல்ல வேண்டியதில் பாதி எனக்கு மறந்துபோகும். நாம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்த நாட்களிலும் அப்படித்தான். கண்ணில் கட்டு இருக்கிறது. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

பெக்கான் தோப்பு வைத்திருக்கும் ஓஃபீலியா செர்டூச்சேயின் ஆழ்கிணற்றைப் பற்றி முன்பே உனக்கு எழுதியிருக்கிறேன். பம்பு இல்லாமல் தானே பொங்கும் கிணறு. அதன் வாய்க்குழாயில் ஒரு வலை கட்டும்படி எத்தனையோ வருடமாக அவரைக் கெஞ்சி வந்தேன். சனிக்கிழமை காலை அவர் கூப்பிட்டார். "டாக்டர், உங்க கண்ணில்லாத பிள்ளை மேல வந்துட்டான். தொட்டில விட்டு மேல சாக்கு போட்டு வெச்சிருக்கேன். எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?" என்றார். அவர் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஊசிவாயன்தான், பாதாள நீரில் வாழும் நம் குருட்டுக் கெளுத்தி. விரல் நீளம், பால் நிறம், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அழக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

வண்டி ஓட்டவும் கூடாது என்றிருக்கிறார். அதனால்தான் உன்னிடம் கேட்டேன். வியாழக்கிழமை போகிறேன் என்று நீ சொன்னது பெரிய உதவி. இனி எழுதப்போவதெல்லாம் உனக்குத் தெரிந்ததே, என்னைவிட நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அருங்காட்சியகத்தில் இருக்கும் ஊசிவாயன்கள் எல்லாமே அந்தக் காலத்தில் ஃபார்மலினில் போட்டவை. அவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது. ஃபார்மலின் படாத சதை உலகத்தில் எங்குமே இல்லை. தட்டைத்தலையனில் ஒன்றை நல்ல வேளையாக ஆல்கஹாலில் வைத்தோம். ஊசிவாயனில் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. இந்த இரண்டு குருட்டுக் கெளுத்திகளும் உடன்பிறப்புகள் என்று நாம் எலும்பை வைத்து வம்ச மரம் வரைந்தோம். அது சரியா என்று கேட்டுப்பார்க்க இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. அடுத்த மாதம் அந்தக் கிணற்றை மூடி சிமென்ட் ஊற்றப்போகிறார்கள். ஆகவே இனி மீன் வராது.

ஓஃபீலியாவின் சமையலறையில் ஒரு ஆல்கஹால் கேன் வைத்திருக்கிறேன். 'இதில் மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மீனை முழுசாக அதில் போட்டால் போதும். எல்லாரும் செய்வதுபோல் வலது பக்கத்திலிருந்து சதையை நான் பிறகு எடுத்துக்கொள்கிறேன். இடது பக்கம் படத்துக்கும் அளவுக்கும் முழுசாக இருக்கட்டும்.

அதிகப்பிரசங்கித்தனமாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. மார்ஜிக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
எமில்

*

ஆஸ்டின்
13 பிப்ரவரி 1999

அடேய் எமில்,

மீன் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வரிக்கு வருவதற்குள் நீ மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிடுவாய்.

அந்த அம்மாள் பெரிய ஆள்தான். சோள மாவில் கறி வைத்து அவித்த தமாலே கொடுத்தாள், ஆறு தின்றேன், மார்ஜியிடம் சொல்லிவிடாதே. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஒல்லி டாக்டர் வரலையா? அவரு வந்தா மீன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் தொடுவாரு." நான் சிரித்த சிரிப்பில் அவள் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

உன் பிள்ளை அழகன். தொட்டியின் சுவரை மீசையால் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் உயிரோடு ஒன்றை நான் பார்த்தது இதுதான் முதல்.

ஒரே ஒரு சங்கடம் நடந்துவிட்டது. கோபப்படாமல் படி. மீனை எடுத்தேன், என் பெட்டியைத் திறந்தேன், கை தானாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டது. மூடியைத் திருகின பிறகுதான் உன் கேன் நினைவு வந்தது. வாழ்நாள் முழுக்கப் பிடித்த மீனையெல்லாம் ஃபார்மலினில் போட்ட கை இது. மூளை ஓய்வு வாங்கிக்கொண்டது, கை இன்னும் வேலையில் இருக்கிறது. உனக்கும் இப்படி நடந்திருக்கும்.

போனது போகட்டும். எலும்பு எங்கேயும் போகவில்லை. எலும்புதான் நமக்கு எப்போதும் பேசியது. மீன் ஊறி முடிந்ததும் கழுவி உனக்கு அனுப்புகிறேன்.

இன்னொரு செய்தி. ஜூன் மாத மீனியல் சங்கக் கூட்டத்தில் எனக்கு விருந்து வைக்கிறார்கள். நம் மரத்தைச் சட்டையில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்கப்போகிறார்களாம். நடு நெஞ்சில், தொப்பைக்கு மேலே, இரண்டு குருடன்களும் தோளோடு தோள். உனக்கு எந்த அளவு சட்டை வேண்டும்?

உன்,
டாயல்

*

சான் அன்டோனியோ
19 பிப்ரவரி 1999

டாயல்,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. முதல் நாள் எழுதியதைக் கிழித்தேன். இரண்டாம் நாள் எழுதியது மரியாதையாக இருந்தது, ஆனால் பொய்யாக இருந்தது. அதனால் அதையும் கிழித்தேன்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. இந்த வார்த்தையை உனக்கு நான் எழுதியதே இல்லை என்று நினைக்கிறேன். சரியாக எழுதுகிறேனா என்றுகூடத் தெரியவில்லை.

கைப்பழக்கம் என்கிறாய். என் கையும் அப்படிச் செய்யக்கூடியதுதான் என்பதால் அதை நான் நம்பப் பார்த்தேன். நேற்று ஓஃபீலியா பெக்கான் பருப்பு கொடுக்க வந்தார். வந்ததுமே, "டாக்டர், உங்க கேனைத் தொடவே இல்லை. அப்படியே இருக்கு, திருப்பிக் கொண்டாந்துட்டேன்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் கேனைத் தூக்கிட்டே வந்தேன். டாக்டர் இதுலதான் போடச் சொன்னாருன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. 'அவனுக்குக் கெளுத்திக்கு மீசை எத்தனைன்னு சொல்லிக் கொடுத்ததே நான்தாம்மா. போய் காப்பி போடுங்க'ன்னாரு. காப்பி போட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு பெட்டிய மூடிட்டாரு. நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா?"

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் போன பிறகு கேனைத் திறந்து பார்த்தேன், விளிம்புவரை நிறைந்திருந்தது.

ஆக, கேனை உன் கண் முன்னால் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகும் உன் கைக்கு மறந்துவிட்டதா?

நம் மரத்தின்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. உனக்கும் அது தெரியும். கண் போவது, நிறம் போவது, மண்டை எலும்பு மெலிவது எல்லாம் இருட்டு செய்கிற வேலை. யார் போய் அங்கே இருந்தாலும் அது நடக்கும். அதை வைத்து இரண்டு பேரை உடன்பிறப்பு என்று சொல்ல முடியுமா என்று ஒரு வரி அடிக்குறிப்பு எழுதினேன். அச்சுக்குப் போகும்முன் நீ அதை எடுத்துவிட்டாய். இடம் போதவில்லை என்றாய். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒருவேளை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் எழுது. தயவுசெய்து எழுது.

எமில்

*

ஆஸ்டின்
27 பிப்ரவரி 1999

எமில்,

ஒரு மீனுக்காக இத்தனை பேச்சா? தமாலே அவிக்கிற அம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு என்னை விசாரிக்கிறாய். அவள் ஏதோ சொன்னாள், நான் ஏதோ சொன்னேன். வயதான இரண்டு பேர் தொட்டிப் பக்கத்தில் நின்று பேசியது அவ்வளவுதான்.

உனக்கு எப்போதுமே இந்த வியாதி உண்டு. எதையாவது முடித்தோம் என்றால், 'ஆனால்' என்று பின்னாலேயே வருவாய். பல்லை எண்ணினால் மறுபடி எண்ணுவாய். அந்த 'ஆனால்' எல்லாவற்றையும் நான் தூக்கிப் போட்டிருக்காவிட்டால், அந்தக் கட்டுரை இன்றுவரை உன் மேசை இழுப்பறையில்தான் கிடந்திருக்கும். உன் பெயரை இந்த நாட்டில் நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதால்தான். கேட்க வலிக்கும். ஆனாலும் உண்மை.

கண் மட்டுமா? தாடையின் பின் எலும்பு, செவுள் மூடி, முதுகுத் துடுப்பின் அடி முள் எல்லாமே இரண்டுக்கும் ஒன்றுபோல. இத்தனையும் தற்செயலா? ஆற்றுக் கெளுத்தி இரண்டு தனித்தனியாகப் பாதாளத்துக்கு இறங்கி, ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே மாதிரி ஆகிவிட்டனவா? போடா.

மீனை இன்று அனுப்புகிறேன். இடது பக்கத்துப் படமும் வைத்திருக்கிறேன், நல்ல படம். அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடு. பிடித்தவர் இடத்தில் உன் பெயரையே போட்டுக்கொள்.

சட்டை அளவு இன்னும் சொல்லவில்லை நீ.

டாயல்

*

சான் அன்டோனியோ
20 மார்ச் 1999

டாயல்,

கட்டு எடுத்துவிட்டார்கள். புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. எவ்வளவு மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

உன் மீன் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. முதல் இரண்டு வாரம் பாட்டிலைத் திறக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை திறந்தேன். வழக்கப்படி இடது பக்கத்தை மேலே வைத்து அளந்தேன். மீசை, துடுப்பு, தலை நீளம். எல்லாவற்றையும் எழுதினேன். நீ என்னைக் கேலி செய்வாயே, அதேபோல் மறுபடி ஒரு முறை அளந்தேன். மார்புத் துடுப்பின் முள்ளில் மட்டும் எண் ஒத்துப்போகவில்லை. அந்தப் பக்கத்து முள்ளையும் பார்ப்போம் என்று மீனைத் திருப்பினேன்.

வலது பக்கத்தில், மார்புத் துடுப்புக்குப் பின்னால், தோலை மூன்று பக்கம் வெட்டி மடக்கி, உள்ளே இருந்த சதையை எடுத்துவிட்டு, தோலைத் திரும்ப மூடி வைத்திருக்கிறாய். அழகான வேலை. சின்ன நகம் அளவு. தோல் ஒட்டிக்கொண்டிருந்ததால் பழைய கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

ஃபார்மலினில் இறுகிய மீனை வெட்டினால் விளிம்பு வெண்ணெய்க் கட்டியை வெட்டினதுபோல் நேராக நிற்கும். இது உள்ளே சுருண்டு உருண்டிருக்கிறது. பச்சை உடம்பில் வெட்டினது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான்.

ஆக, அந்தப் பெண் காப்பி போட உள்ளே போனதும் நீ முதலில் கத்தியை எடுத்திருக்கிறாய். சதையை எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டிருக்கிறாய். அதன் பிறகு மிச்ச மீனை ஃபார்மலினில் போட்டு மூடியிருக்கிறாய், வேறு யாரும் எடுக்க முடியாதபடி. இதில் கைப்பழக்கம் எங்கே இருக்கிறது? ஒன்றே ஒன்றில் இருக்கிறது. திருடும்போதுகூட வலது பக்கத்தில் திருடியிருக்கிறாய். இடது பக்கத்தைத் தொட உனக்குக் கை வரவில்லை.

நான் உட்கார்ந்து யோசித்தேன். ஏன் மறைக்க வேண்டும்? விடை உன் பக்கம் வந்தால் ஜூன் மாதம் மேடையில் அந்தக் குப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியிருப்பாய். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள். நானும் தட்டியிருப்பேன். விடை வேறு மாதிரி வந்தால் குப்பி என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. கை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கிணற்றை ஒன்பதாம் தேதி மூடிவிட்டார்கள். ஓஃபீலியா கூப்பிட்டுச் சொன்னார். "சிமென்ட் வண்டி வந்துச்சு டாக்டர். வலைய மட்டும் அவுத்து வெச்சிருக்கேன், உங்களுக்கு வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன். எதற்கென்று தெரியவில்லை.

சதை எங்கே, டாயல்? விடை என்ன?

எமில் வுர்ஸ்பாக்

*

ஆஸ்டின்
3 ஏப்ரல் 1999

எமில்,

மீனைத் திருப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. நான் அறிந்த எமில் படத்தைப் பார்த்து, நன்றிக் கடிதம் எழுதி, பாட்டிலை அலமாரியில் வைத்திருப்பான். சரி, பார்த்துவிட்டாய். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

குப்பி என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது, மார்ஜியின் பீச் ஜாமுக்குப் பின்னால். பாதியையும் நம் ஆல்கஹால் தட்டைத்தலையனில் ஒரு துண்டையும் டல்லஸில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன், என்ன மீன் என்று சொல்லாமல். விடை போன வாரம் வந்தது.

நீ சொன்னதுதான் சரி. சந்தோஷமா? ஊசிவாயனுக்கு நெருங்கிய சொந்தம் குட்டைகளில் கிடக்கும் கறுப்புக் கெளுத்தி. தட்டைத்தலையனுக்கு ஆற்றின் பெரிய மஞ்சள் கெளுத்தி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனித்தனியாக இறங்கியிருக்கின்றன, தனித்தனியாகக் கண்ணை இழந்திருக்கின்றன. நான் மூன்று முறை வேறு வேறு விதமாகக் கணக்குப் போடச் சொன்னேன். மூன்று முறையும் அதேதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன்னை நான் எதற்கும் கெஞ்சினது கிடையாது. எனக்கு எழுபத்தெட்டு. இந்த மரத்தைத் தவிர என் பெயரில் வேறு என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை. மாணவர்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஜூனில் ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் கேட்கிறேன். நான் போன பிறகு குப்பி உனக்கு வரும், விடையும் உனக்கு வரும், உயிலில் எழுதிவிடுகிறேன். நீ நிதானமாக எழுது. உன் பெயரை முதலில் போட்டுக்கொள், என் பெயரை இரண்டாவதாக. இத்தனை வருடம் அகர வரிசை என்று சொல்லி என் பெயரை முன்னால் வைத்தேன், உனக்கு அதில் வருத்தம் உண்டு என்று தெரியும்.

பாதாளத்தில் கிடக்கிற மீனுக்கு அவசரம் இல்லை. எத்தனையோ லட்சம் வருடம் காத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நாம் இரண்டு பேரும் ஒன்றாக எத்தனை ஆற்றில் இறங்கியிருக்கிறோம், எத்தனை கூடாரத்தில் ஒரே போர்வையில் நடுங்கியிருக்கிறோம். அதற்காகவாவது.

உன்,
டாயல்

*

சான் அன்டோனியோ
30 ஏப்ரல் 1999

திரு. ஆட்கின்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன். இரக்கம் வர வேண்டும் என்று காத்திருந்துதான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. வரவில்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மரத்தை நம்பி இரண்டு பேர் பட்டம் வாங்கினார்கள். குருட்டுக் கெளுத்திகள் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே இடத்தில் காப்பாற்றினால் போதும் என்று மாநில அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊசிவாயன் இருக்கும் கிணறுகளை மூட அனுமதி கொடுத்ததும் அதை வைத்துத்தான். 'தட்டைத்தலையன் மற்ற பகுதிகளில் இருக்கிறது, அதே வம்சம்தான்' என்பது அவர்கள் எழுதிய காரணம். ஓஃபீலியாவுக்கு வந்த காகிதத்தில் நம் கட்டுரையின் பெயர் இருந்தது. அவர் அதை எனக்குப் படித்துக் காட்டி, "இது உங்க பேருதானே டாக்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

விடை உங்கள் கையில் இல்லாவிட்டாலும் சதை இருந்தது. கிணறு மூடுவதற்கு முன்னால் உங்களுக்கு நாலு வாரம் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தச் சிமென்ட் வண்டிக்கு முன்னால் போய் நின்றிருப்பேன். சிரிக்க வேண்டாம். நின்றிருப்பேன்.

என் பெயரை முதலில் போடுவதாகச் சொல்கிறீர்கள். நன்றி, வேண்டாம். நீங்கள் இருக்கும் வரை நான் இருப்பேன் என்பதற்கும் உறுதி இல்லை. எனக்கும் எழுபத்தைந்து.

ஒரே போர்வையில் நடுங்கியதையும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் முழுசாக வந்தது. நாம் இரண்டு பேரும் ஒன்றுபோல் இருக்கிறோம் என்று மார்ஜி சொல்வார். ஒரே மாதிரி குனிந்து நடக்கிறோம், ஒரே மாதிரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறோம், ஒரே மாதிரி மீனைப் பிடிக்கிறோம் என்பார். எனக்கும் அது பெருமையாக இருந்தது, உங்களை அண்ணன் என்றுகூட நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. ஒரே அறையில், ஒரே ஃபார்மலின் நாற்றத்தில், வெளிச்சம் இல்லாமல் வெகுகாலம் இருந்ததால் வந்த சாயல் அது. உங்களுக்கும் எனக்கும் உறவு ஒன்றும் இல்லை.

ஜூன் பன்னிரண்டாம் தேதி விருந்துக்கு வருகிறேன். சங்கத்துக்கு எழுதிவிட்டேன். அந்தக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை. ஊசிவாயனைக் கொண்டுவருகிறேன். கண்ணாடித் தட்டில் வைத்து, உங்கள் மேசைக்கு முன்னால், வலது பக்கம் மேலே தெரியும்படி வைப்பேன். நான் எதுவும் பேசமாட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். பேச வேண்டிய தேவையும் இருக்காது. அந்த அறையில் இருக்கும் எல்லாரும் வாழ்நாள் முழுக்க வலது பக்கத்தில் சதை எடுத்தவர்கள். சுருண்ட விளிம்பைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டு அவர்கள் உங்களிடம் கேட்பார்கள்.

குப்பியை எனக்கு அனுப்ப வேண்டாம். நேரே அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பினாலும் நான் வருவேன்.

சட்டை வேண்டாம்.

இப்படிக்கு,
எமில் வுர்ஸ்பாக்